மீன் சந்தையில் அமர்ந்த தாயர்

அறபு மொழியில் இன்று 'அல்லாஉன்ஃப்' என்றொரு சொல் வழங்குகிறது. வன்முறை எனப் பொருள்படும் 'உன்ஃப்' என்ற சொல்லின் முன்னே 'லா' என்னும் எதிர்மறை இடைச்சொல்லைச் சேர்த்துக் கட்டிய புதுச்சொல் அது. பழைய அகராதிகளில் அதனைக் காண இயலாது. தமிழிலும் கொல்லாமை, இன்னா செய்யாமை, வடமொழிவழி வந்த அகிம்சை ஆகிய மூன்றும் எதிர்மறையாகவே அமைந்திருக்கின்றன. சொல்லின் இவ்வமைப்பு, வன்முறையை மறுத்தல் என்பது கைகட்டிச் சும்மா இருத்தலே என்ற மயக்கத்தை உண்டாக்கிவிடுகிறது. காந்தியடிகளுக்கும் இந்தச் சொல் நெருக்கடி நேர்ந்தது. 1906 செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய இந்தியர் கூட்டத்தில், இறைவனைச் சாட்சியாக வைத்து உறுதிமொழி எடுப்போம் என்று முன்மொழிந்தவர் ஹாஜி ஹபீப் என்னும் முஸ்லிம் வணிகர். அவ்வுறுதியிலிருந்து பிறந்த போராட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் எளியோரின் இயலாமையைச் சுட்டுவதாக இருந்தமையால், காந்தியடிகள் தம் இதழில் பரிசு அறிவித்துப் புதுப்பெயர் தேடினார். 'சத்தியாகிரகம்' அவ்வாறு வந்த சொல்.

பெயர் கிடைத்தாலும் கேள்வி தீரவில்லை. படைக்கலம் ஏந்தாதவரிடம் இருப்பது என்ன ஆற்றல்? அது எங்கிருந்து பிறக்கிறது? இக்கேள்விக்கு அண்மைக் காலத்தில் ஆழ்ந்த விடை தேடியவர்களுள் பெண்ணியச் சிந்தனையாளர் சிலர் முதன்மையானவர்கள். அவர்தம் நூல்களை மட்டும் எடுத்துக்கொண்டு பேசினால் பேச்சு வெறும் தர்க்கமாய் முடியும். ஆதலின், மேற்கு ஆப்பிரிக்காவில் 2003-ஆம் ஆண்டில் முஸ்லிம் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் சேர்ந்து நிகழ்த்திய ஒரு வரலாற்றை முன்வைத்து அக்கருத்துகளை நோக்குவோம்.

லைபீரியா என்னும் அந்நாடு நம் வாசகர்களுக்கு அவ்வளவு அறிமுகமானதன்று. ஆயினும் அங்கு வாழும் மாண்டிங்கோ மக்கள், அறபு வரலாற்றாசிரியர்கள் நன்கறிந்த மாலிப் பேரரசின் வழித்தோன்றல்கள். 1352-இல் அப்பேரரசுக்குச் சென்ற இப்னு பதூதா, அம்மக்கள் திருக்குர்ஆனை மனனம் செய்வதில் காட்டிய ஆர்வத்தையும், வழிப்பயணத்தில் கண்ட பாதுகாப்பையும் மனமாரப் புகழ்கிறார். அந்நாட்டுப் பெண்கள் பொது இடங்களில் தலைநிமிர்ந்து பழகியதைக் கண்டு முகம் சுளிக்கவும் செய்கிறார். அவர் சுளித்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். லைபீரியாவில் வாழும் மற்றொரு முஸ்லிம் இனத்தாராகிய வாய் மக்கள், 1830-களில் தம் மொழிக்கெனத் தாமே எழுத்து வகுத்துக்கொண்டவர்கள். இவ்விரு இனத்தாரும் உட்பட முஸ்லிம்கள் அந்நாட்டு மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கினர்.

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைக் குடியேற்றும் திட்டத்தால் 1822-இல் அக்கடற்கரையில் ஊர் எழுந்தது. 1847-இல் அது குடியரசாயிற்று. குடியேறி வந்த சிறுபான்மையினரே 133 ஆண்டுகள் ஆண்டனர். 1980 ஏப்ரலில் சாமுவேல் டோ என்னும் படைவீரர் அதிபரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தார். 1989 டிசம்பர் 24-ஆம் நாள் சார்லஸ் டெய்லர் தம் படையுடன் எல்லை தாண்டி வந்தார். அன்று தொடங்கிய போர், இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்து, 2003 வரை நீடித்தது. மாண்டோர் தொகையை ஏறத்தாழ 2,50,000 எனக் கணக்கிடுவர். சிறுவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. பெண்கள் அடைந்த கொடுமைகளை விரித்தெழுத எம் பேனா மறுக்கிறது.

இப்போரில் சாவுகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டன என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கியோ, மானோ இனத்தார் டெய்லரின் பக்கம் என்று எண்ணிய டோவின் படையினர், 1990 ஜூலை 29-ஆம் நாள் இரவு, தலைநகர் மன்ரோவியாவின் புனித பேதுரு லுத்தரன் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரை வெட்டியும் சுட்டும் கொன்றனர். ஏறத்தாழ 600 பேர் மாண்டனர். அவர்கள் அவ்வளாகத்திலேயே கூட்டம் கூட்டமாகப் புதைக்கப்பட்டனர். மறுபுறம், மாண்டிங்கோக்கள் டோவுக்கு வேண்டியவர்கள், காட்டிக்கொடுப்பவர்கள் என்று பழி சுமத்தி, டெய்லரின் படையினர் நிம்பா, லோஃபா மாவட்டங்களில் முஸ்லிம் ஊர்களை அழித்தனர்; பள்ளிவாசல்களைத் தீக்கிரையாக்கினர். எஞ்சியோர் கினி நாட்டுக்கு ஓடினர். கியோ தாய்க்கு மாண்டிங்கோவின் சாவு சாவாகத் தோன்றவில்லை. மாண்டிங்கோ தாய்க்குக் கியோவின் சாவும் அவ்வாறே. 1997-இல் டெய்லர் தேர்தலில் வென்று அதிபரானார். ஈராண்டுகளில், மாண்டிங்கோக்கள் பெருமளவில் இடம்பெற்றிருந்த 'லர்டு' என்னும் கிளர்ச்சிப்படை கினியிலிருந்து புறப்பட்டு வந்தது. பழிக்குப் பழி என்னும் செக்கு மீண்டும் சுழலத் தொடங்கிற்று.

1994 முதலே லைபீரியப் பெண்கள் அமைப்புகள் கண்டு, சமாதானக் கூட்டங்களின் வாயில்களில் நின்று முறையிட்டு வந்தனர். கற்றறிந்த பெண்மணிகள் நடத்திய அம்முயற்சிகள் மதிப்புக்குரியவை. எனினும் சந்தையில் கூடை சுமப்பவளும் அகதி முகாமில் கஞ்சிக்கு நிற்பவளும் அவற்றில் பெருமளவில் சேரவில்லை. 2001-இல் மேற்கு ஆப்பிரிக்க அளவில் தோன்றிய பெண்கள் சமாதான வலையமைப்பு ஒன்றின் லைபீரியக் கிளையை நடத்த வந்தவர் லேமா குபோவி. 1972-இல் பிறந்தவர், லுத்தரன் கிறிஸ்தவர், போரால் மனமுடைந்தோரைத் தேற்றும் பணியில் பயிற்சி பெற்றவர். அப்பணி நடந்தது மேலே சொன்ன அதே புனித பேதுரு தேவாலய வளாகத்தில், அக்கல்லறைகளின் அருகிலேதான்.

கிறிஸ்தவப் பெண்கள் கூட்டம் ஒன்று தேவாலயத்தில் நடந்தபோது, அஸத்து பாஹ் கென்னத் என்னும் பெண் எழுந்தார். அவர் காவல்துறை அதிகாரி, முஸ்லிம், அந்த அவையில் இருந்த ஒரே முஸ்லிம். கிறிஸ்தவச் சகோதரிகள் எடுத்த முயற்சி தம்மைக் கவர்ந்தது என்றும், முஸ்லிம் பெண்களையும் தாம் அழைத்து வருவதாகவும் அவர் சொன்னார். சொன்னபடியே முஸ்லிம் பெண்களின் அமைப்பைத் திரட்டினார். பள்ளிவாசல்கள் எரிந்த நாட்டில், தேவாலயத்தில் கொலை நடந்த நாட்டில், ஒரு முஸ்லிம் பெண் தேவாலயத்தின் நடுவே எழுந்து நின்றார் என்பதை வாசகர்கள் மனக்கண்ணால் காண வேண்டும். எமது கருத்தில், லைபீரியாவின் சமாதானம் அங்கேதான் தொடங்கிற்று. அக்ராவில் பின்னர் இடப்பட்ட கையொப்பங்கள் எல்லாம் அதற்கு அப்பால் வந்தவை.

எதிர்ப்பு வராமலில்லை. முஸ்லிம்களோடு சேர்ந்து பிரார்த்தித்தால் தம் நம்பிக்கையில் கலப்பு நேரும் என்று கிறிஸ்தவப் பெண்கள் சிலர் அஞ்சினர். குண்டு பாயும்போது இவள் யார், அவள் யார் என்று பார்த்தா பாய்கிறது என்ற கேள்வியே அதற்கு விடையாயிற்று. வழிபாட்டை ஒன்றாக்காமல், துயரையும் கோரிக்கையையும் மட்டுமே அவர்கள் ஒன்றாக்கினர். அவரவர் பிரார்த்தனை அவரவர் முறையில் நடந்தது. பெண்கள் அரசியலில் தலையிடலாமா என்று நம்மவருள் கேட்போருக்கு ஹுதைபிய்யா நிகழ்ச்சியை நினைவூட்டினால் போதும். உடன்படிக்கையின் விதிகளால் மனம் கலங்கிய தோழர்கள் செயலற்று நின்ற வேளையில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் சொன்ன ஆலோசனையைக் கேட்டு, யாரிடமும் எதுவும் பேசாது வெளியே சென்று பலியிட்டுத் தலைமுடி களைந்தார்கள், தோழர்களும் பின்தொடர்ந்தனர். இஸ்லாமிய வரலாற்றின் மிகப்பெரும் சமாதான உடன்படிக்கை நிலைபெற்றதில் ஒரு பெண்மணியின் மதிநுட்பத்துக்குப் பங்குண்டு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் வெளிவரும் பள்ளிவாசல் வாயில்கள், சனிக்கிழமை சந்தைகள், ஞாயிறு தேவாலயங்கள் என்று அப்பெண்கள் ஆறு மாதங்களாகச் சுற்றினர். எழுத்தறியாதோருக்குப் படம் வரைந்த துண்டுத்தாள்களைக் கொடுத்தனர். 2003 ஏப்ரலில், டெய்லரின் வாகனம் நாள்தோறும் கடந்து செல்லும் பெருவீதியின் ஓரம், மீன் சந்தைக்கு அருகிலுள்ள திடலில், ஆயிரக்கணக்கானோர் வந்து அமர்ந்தனர். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைத்துணி. நகையில்லை, ஒப்பனையில்லை. உடையில் செல்வரும் வறியரும் வேறுபடாதிருக்கவே இவ்வேற்பாடு. ஹஜ்ஜில் இஹ்ராம் உடை அணிந்தோரை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். வெயிலிலும் மழையிலும் அவர்கள் எழவில்லை. கணவன்மார் போரை நிறுத்த முயலும்வரை இல்லற உறவிலிருந்து விலகி நிற்போம் என்ற அறிவிப்பையும் சிலர் செய்தனர். உலகப் பத்திரிகைகள் இதனையே பெரிதாக்கி எழுதின. செயலளவில் அதன் பயன் சிறிதே என்றும், கவனத்தை ஈர்க்கவே அது உதவிற்று என்றும் குபோவியே பின்னர் கூறியிருக்கிறார். மார்க்கச் சட்ட நோக்கில் அதில் விவாதத்துக்கு இடமுண்டு. இங்கு அது தேவையில்லை.

அவர்கள் கையாண்ட உத்தி ஒன்று நம் கவனத்துக்குரியது. டெய்லர் தம்மைப் பக்திமிக்க கிறிஸ்தவராகக் காட்டிக்கொண்டார். 'லர்டு' தலைவர்கள் பள்ளிவாசலுக்குச் செல்பவர்கள். ஆகவே கிறிஸ்தவப் பெண்கள் ஆயர்களையும் போதகர்களையும் நெருக்கினர். அவர்கள் டெய்லரை நெருக்கினர். முஸ்லிம் பெண்கள் இமாம்களை நெருக்கினர். இமாம்கள் கிளர்ச்சித் தலைவர்களை நெருக்கினர். ஏப்ரல் 23-ஆம் நாள் டெய்லர் அப்பெண்களைத் தம் மாளிகையில் சந்திக்க இசைந்தார். குபோவி கோரிக்கையை வாசித்தபோது, அவையில் இருந்த பெண் பிரமுகராகிய செனட் தலைவர் கிரேஸ் மைனரை நோக்கியே பேசினார். நிபந்தனையற்ற போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை, அமைதிகாக்கும் படையின் வருகை என்பவையே அவர்கள் கேட்ட மூன்றும். டெய்லர் பேச்சுக்கு ஒப்பினார். பெண்களின் குழு சியரா லியோனுக்குச் சென்று கிளர்ச்சித் தலைவர்களையும் ஒப்பவைத்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஆயுதமற்ற இப்பெண்களிடம் இருந்தது என்ன?

ஐரோப்பிய அரசியல் தத்துவத்தின் மூலவர்களுள் ஒருவரான தாமஸ் ஹாப்ஸ், 1642-இல் வெளியான தம் நூலில், மனிதர்கள் காளான்களைப் போல் மண்ணிலிருந்து திடீரென முளைத்து, முழு வளர்ச்சியடைந்து, ஒருவர்க்கொருவர் எவ்விதக் கடப்பாடும் இன்றி நிற்பதாகக் கற்பனை செய்யச் சொல்கிறார். அவ்வாறு நிற்போர் தத்தம் உயிரைக் காக்க ஒருவரோடொருவர் பொருதுவர். அச்சத்தால் அரசைப் படைத்துக்கொள்வர் என்பது அவர் முடிபு. பெண்ணியச் சிந்தனையாளர் பலரும் இக்காளானைப் பிடித்துக்கொண்டார்கள். இம்மனிதனுக்குப் பாலூட்டியது யார்? நடக்கக் கற்பித்தது யார்? அவன் கதையில் தாய் எங்கே போனாள்? அமெரிக்க அறிஞர் ஜூடித் பட்லர், வன்முறை மறுப்பின் ஆற்றலைப் பற்றி 2020-இல் எழுதிய நூலில், இக்கேள்வியையே அடித்தளமாக வைக்கிறார். அவருடைய ஏனைய கருத்துகள் பலவற்றில் நமக்கு உடன்பாடில்லை. இந்த ஒன்றில் அவர் சொல்வதைச் செவிமடுக்காதிருப்பது அறிவுடைமையாகாது. தனித்து நிற்கும் 'நான்' என்று ஒன்று இல்லை. நான் என்பது பிறரால் தாங்கப்பட்டே நிற்கிறது. எனவே பிறரை அழிப்பவன் தன்னைத் தாங்கும் பிணைப்பையே அறுக்கிறான் என்பது அவர் வாதம். தற்காப்பு என்று சொல்லிக் கொல்பவன், 'தன்' என்ற எல்லைக்குள் யார் யாரை வைக்கிறான், யார் யாரை வெளியே தள்ளுகிறான் என்று அவர் வினவுகிறார். வெளியே தள்ளப்பட்டவரின் சாவுக்கு அழுவார் இல்லை. அழத்தகாத உயிர் என்று முன்னரே முத்திரையிடப்பட்ட உயிர் அது. கியோவையும் மாண்டிங்கோவையும் பற்றி மேலே நாம் எழுதியதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

அறபு இலக்கியம் பயின்றோருக்கு இவ்விடத்தில் இப்னு துஃபைல் நினைவுக்கு வராதிருக்க மாட்டார். 1185-இல் மறைந்த அந்த அந்தலூசியத் தத்துவஞானி, ஆளற்ற தீவில் தன்னந்தனியே வளர்ந்து மெய்யறிவு பெற்ற ஹய் இப்னு யக்ளானின் கதையை எழுதினார். தனிமனித அறிவின் வெற்றிக்கு அதனை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஆனால் கதையைக் கவனித்துப் படியுங்கள். அக்குழந்தை மண்ணிலிருந்து தானே உருவானது என்று ஒரு வரலாறும், பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டது என்று மற்றொரு வரலாறும் தரும் ஆசிரியர், இரண்டிலும் ஒரு பெண்மானைக் கொணர்ந்து அதற்குப் பாலூட்டச் செய்கிறார். மண்ணிலிருந்து முளைத்தவனுக்கும் தாய் வேண்டியிருக்கிறது! அம்மான் இறந்தபோது ஹய் பதறி அழைக்கிறான். எது நின்றுபோனது என்று அதன் மார்பைத் திறந்து தேடுகிறான். அவனுடைய ஆராய்ச்சி அனைத்தும் அத்துயரிலிருந்தே தொடங்குகிறது. ஹாப்ஸின் மனிதன் அச்சத்தில் தொடங்குகிறான். இப்னு துஃபைலின் மனிதன் தாயை இழந்த துக்கத்தில் தொடங்குகிறான். இரண்டுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. இப்னு கல்தூனும் தம் முகத்திமாவின் தொடக்கத்திலேயே, ஒருநாள் உணவுக்கான கோதுமையைக்கூட ஒருவன் தனியே ஆக்கிக்கொள்ள முடியாது. அரைக்கவும் பிசையவும் சுடவும், அவற்றுக்கான கருவிகளைச் செய்யக் கொல்லனும் தச்சனும் குயவனும் வேண்டும் என்று விளக்குகிறார். அதே நூலில், நாகரிகத்துக்கு இன்றியமையாத தொழில்களுள் ஒன்றாக மருத்துவச்சியின் தொழிலை வைத்துத் தனி இயலே எழுதியிருக்கிறார் என்பது பலர் கவனியாதது.

மொழியே இதனை அறியும். 'ரஹிம்' என்றால் கருப்பை. அதே மூலத்திலிருந்து 'ரஹ்மத்' என்னும் அருள் பிறக்கிறது. உறவைப் பேணுதலை 'ஸிலத்துர் ரஹிம்' என்கிறோம். கருப்பையின் பிணைப்பு என்பதே அதன் நேர்பொருள். அப்பிணைப்புக்கு அர்ரஹ்மான் என்னும் தன் திருநாமத்திலிருந்தே இறைவன் பெயர் வகுத்தான் என்ற ஹதீஸ் குத்ஸியை மத்ரஸா மாணவர் எவரும் அறிவர். எம்மைப் போன்றோர் அதனைச் சொத்துரிமை, விருந்தோம்பல் ஆகிய பாடங்களோடு நிறுத்திவிடுவது வழக்கம். போரைப் பற்றிய பாடத்தில் அது வருவதில்லை.

தாய்மை என்றவுடன் பெண் இயல்பிலேயே மென்மையானவள், ஆண் இயல்பிலேயே கொடியவன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதனை வற்புறுத்தியவர் சாரா ரட்டிக். தாய்மைச் சிந்தனையைப் பற்றி அவர் 1989-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் பெயர்பெற்றது. மகனைப் போருக்கு அனுப்பிப் பெருமை கொண்ட தாயர் வரலாறெங்கும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. தாய்மை ஒரு வேலை. குழந்தையின் உயிரைக் காத்தல், வளர்த்தல், ஊரோடு ஒட்டி வாழப் பழக்குதல் என்பவை அவ்வேலையின் கூறுகள். அவ்வேலையைச் செய்பவருக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், ஒருவகை அறிவு கூடுகிறது. ஓர் உயிரை உருவாக்க எத்தனை இரவுகள் வேண்டும் என்பது தெரிந்தவர்க்கு அதனை ஒரு நொடியில் அழித்தலின் பேதைமை தெரியும் என்பது அவர் கருத்து. ஆயினும் அவ்வறிவு தன் பிள்ளையோடு நின்றுவிடக்கூடும். பிறர் பிள்ளையையும் அதற்குள் கொண்டுவருவதற்குப் போராட்டம் வேண்டும். அதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று, 1977 முதல் அர்ஜென்டினாவில் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு வெண்துணி தலையில் அணிந்து சதுக்கத்தில் சுற்றி நடந்த அன்னையர். தத்தம் பிள்ளையைத் தேடி வந்தவர்கள், நாளடைவில் எல்லோர் பிள்ளைகளையும் கேட்கத் தொடங்கினர்.

மீன் சந்தைத் திடலின் ஆற்றல் இப்போது விளங்கும். மன்ரோவியாவின் உணவு சந்தைப் பெண்களின் கூடையில் இருந்தது. துப்பாக்கி ஏந்திய சிறுவனையும் பத்து மாதம் சுமந்து பெற்றவள் ஒருத்தி உண்டு. படைத்தலைவர்கள் மறந்திருந்த இச்சார்பை, அப்பெண்கள் சாலையோரத்தில் நாள்தோறும் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்தனர்.

இங்கே நம் மரபிலிருந்து ஒரு தடை எழலாம். தற்காப்புக்காகப் போரிடுதலை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அதனை மறுக்க யாராலும் இயலாது. ஆனால் முஸ்லிம்கள் தமக்குள் பொருத 'ஃபித்னா' காலத்தில், ஸஃது இப்னு அபீவக்காஸ், அப்துல்லாஹ் இப்னு உமர், முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) போன்ற பெருந்தோழர்கள் எத்தரப்பிலும் சேராது ஒதுங்கினர் என்பதும் வரலாறே. அச்சத்தால் ஒதுங்கியவர்கள் அல்லர் அவர்கள். ஸஃது (ரலி) காதிஸிய்யாவை வென்ற படைத்தலைவர். நம் காலத்தில் சிரியாவின் ஜவ்தத் ஸயீத் (1931–2022), தன்னைக் கொல்ல வந்த சகோதரன்மேல் கையோங்க மறுத்த ஆதமின் மகனை முன்னிறுத்தி, 1966-இல் 'மத்ஹபு இப்னி ஆதம்' பற்றி நூலெழுதி, இவ்வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தார். லைபீரியப் பெண்கள் இம்மரபுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. தோழர்கள் வீட்டுக்குள் ஒதுங்கினர். இவர்கள் வீதிக்கு வந்து அமர்ந்தார்கள். ஒதுங்குதலால் ஒருவர் தம் கையைக் குருதி படாது காக்கலாம். அடுத்தவன் கையைப் பிடிக்க வேண்டுமாயின் அவன் எதிரே வந்தாக வேண்டும்.

2003 ஜூன் 4-ஆம் நாள் கானா நாட்டில் பேச்சுவார்த்தை தொடங்கிற்று. நடுவர், நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஜெனரல் அப்துஸ்ஸலாமி அபூபக்கர். அன்றே, சியரா லியோன் போர்க்குற்றங்களுக்காக டெய்லர் மீதான குற்றச்சாட்டு வெளியிடப்பட, அவர் விரைந்து ஊர் திரும்பினார். ஜூன் 17-இல் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. சில நாள்களில் முறிந்தது. அங்கு அகதிகளாக வாழ்ந்த லைபீரியப் பெண்களும் வெள்ளுடைக்காரரோடு சேர்ந்து மண்டபத்தின் வெளியே அமர்ந்தனர். உள்ளே தலைவர்கள் நல்ல விடுதிகளில் தங்கி, எந்தப் பதவி யாருக்கு என்று வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 21-ஆம் நாள் மன்ரோவியாவில் எறிகணைகள் பொழிந்தன. அமெரிக்கத் தூதரகத்தின் வளாகம் ஒன்றில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் மாண்டனர். மக்கள் அவ்வுடல்களைத் தூக்கி வந்து தூதரக வாயிலில் வரிசையாகக் கிடத்தினர். எங்கள் சாவையும் எண்ணிக்கையில் சேருங்கள் என்று கேட்பதற்கு அவர்களிடம் வேறு மொழி இருக்கவில்லை.

அச்செய்தி கேட்ட பெண்கள் மண்டபத்துக்குள் நுழைந்து, கதவின்முன் கைகோத்து அமர்ந்து, உடன்பாடு காணும்வரை யாரையும் வெளியே விடமாட்டோம் என்று நடுவருக்குச் சீட்டு அனுப்பினர். பசியும் தாகமும் என்னவென்று உள்ளிருப்போர் சற்று அறியட்டும் என்றனர். காவலர்கள், நீதிக்கு இடையூறு செய்வதாகக் கூறிக் குபோவியைக் கைது செய்ய வந்தனர். நீதி என்ற அச்சொல்லைக் கேட்டதும் அவர் கொதித்தார். தம் தலைத்துணியைக் களைந்து, ஆடைகளையும் களையத் தலைப்பட்டார். காவலர்கள் பின்வாங்கினர்.

இதனை எழுதுவதில் நமக்குத் தயக்கமுண்டு. நாணம் ஈமானின் கிளை என்று கற்பிப்பவர் நாம். ஆயினும் நடந்ததை மறைத்து எழுதுவது வரலாறாகாது; அம்மண்ணின் வழக்கையும் அறிந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில், தாயானவள் தன் ஆடையைத் தானே களைந்தால், அந்நிலைக்கு அவளைத் தள்ளியோர்மேல் அது கொடிய சாபமாக இறங்கும் என்பர். வெட்கம் அவளுடையதன்று, கண்டவனுடையது. நைஜீரியாவின் இக்போ நாட்டில், குற்றம் செய்த ஆடவனின் வீட்டைப் பெண்கள் கூடிச் சூழ்ந்து, அவன் திருந்தும்வரை பாடியும் இடித்துரைத்தும் அமர்ந்திருக்கும் வழக்கம் இருந்தது. 'ஒருவன்மேல் அமர்தல்' என்றே அதற்குப் பெயர். 1929-இல் ஆங்கில அரசின் வரிக்கு அஞ்சி அப்பெண்கள் அதிகாரிகள்மேல் அவ்வாறு 'அமர்ந்த'போது, படையினர் சுட்டு 50-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொன்றனர். குபோவியின் செயலில் அந்நெடு வரலாறு இருக்கிறது. மானத்தை விற்றவர் செய்த செயல் அது என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. மானம் அனைத்தையும் பிறர் பறித்துவிட்ட நாட்டில், எஞ்சிய ஒன்றைக் கையிலெடுத்தவர் அவர்.

வெளியேற முயன்று பெண்களை மிதித்துத் தாண்டப் பார்த்த ஒரு தலைவரை, ஜெனரல் அபூபக்கர் கடிந்து உள்ளே திருப்பியனுப்பினார். அதன்பின் பேச்சின் போக்கு மாறிற்று என்று அங்கிருந்தோர் கூறுவர். ஆகஸ்ட் 11-இல் டெய்லர் பதவி துறந்து நைஜீரியா சென்றார். ஆகஸ்ட் 18-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இவ்வெற்றி முழுவதும் பெண்களால் ஆனதென்று கூறினால் அது மிகையாகும். கிளர்ச்சிப்படை தலைநகரை முற்றுகையிட்டிருந்தது. டெய்லரைப் போர்க்குற்ற வழக்கு துரத்திற்று. அமெரிக்கா அவரை வெளியேறச் சொல்லிக் கப்பல்களை அனுப்பியது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை ஆகஸ்ட் 4-இல் வந்திறங்கியது. ஆயுதம் ஏந்திய அமைதிப்படையைப் பெண்களே கேட்டுப் பெற்றார்கள் என்பதையும், தூய அகிம்சை பேசுவோர் மறந்துவிடலாகாது. ஆனால் மேற்சொன்ன ஒவ்வொன்றும் டெய்லரை விரட்டப் போதுமானவையாக இருந்திருக்கலாம். அவருக்குப்பின் வேறொரு படைத்தலைவர் வந்து, கியோவும் மாண்டிங்கோவும் தங்கள் கணக்கை மீண்டும் தொடங்காதிருக்க அவை போதா.

கையெழுத்தான பிறகும் பெண்கள் கலையவில்லை. 2003 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஆயுதக் களைவைத் தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு போராளிகள் வந்து குவிந்து குழப்பம் மூண்டது. அங்கு சென்று அவர்களை அமைதிப்படுத்தியவர்களுள் வெள்ளுடைப் பெண்களும் உண்டு. பின்னர் 1,00,000-க்கும் மேற்பட்டோர் ஆயுதக் களைவில் பதிவு செய்துகொண்டனர். 2005 தேர்தலுக்குச் சந்தை சந்தையாகச் சென்று பெண்களை வாக்காளராகப் பதிய வைத்தனர். 2006 ஜனவரியில் எல்லன் ஜான்சன் சர்லீஃப், ஆப்பிரிக்காவில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அதிபராகப் பதவியேற்றார். 2011-ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு அவருக்கும் குபோவிக்கும் யமன் நாட்டின் தவக்குல் கர்மானுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மறு ஆண்டே, சர்லீஃபின் ஆட்சியில் உறவினர்க்குச் சலுகையும் ஊழலும் இருப்பதாகக் குறைகூறி, தாம் வகித்த நல்லிணக்கப் பொறுப்பிலிருந்து குபோவி விலகினார். பெண் ஆண்டால் எல்லாம் நேராகிவிடும் என்பதும் ஒரு காளான் கதைதான்.

டெய்லர் 2012-இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அது சியரா லியோன் மக்களுக்கு இழைத்த குற்றத்துக்கானது. லைபீரியாவில் மாண்டோருக்காக லைபீரிய நீதிமன்றங்களில் 2024 வரை ஒரு வழக்கும் நடக்கவில்லை. படைத்தலைவர்களுள் ஒருவர் செனட் உறுப்பினராகவே வாழ்ந்து 2024 நவம்பரில் இறந்தார். அதே ஆண்டு மே மாதத்தில்தான், போர்க்குற்ற நீதிமன்றம் அமைப்பதற்கான அலுவலகம் ஒன்றை நிறுவ அதிபர் போக்காய் ஆணையிட்டார். நிம்பா மாவட்டத்துக்குத் திரும்பி வந்த மாண்டிங்கோக்கள் பலர், தம் மனையில் பிறர் வீடு கட்டிக் குடியிருப்பதைக் கண்டனர். அவ்வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. வெள்ளுடைப் போராட்டத்தின் வழிவந்த 'அமைதிக் குடில்கள்' அந்நாட்டின் சிற்றூர்களில் எழுந்தன. கூரை வேய்ந்த அக்குடில்களில் பெண்கள் வட்டமாக அமர்ந்து, மனைவியை அடித்தவனையும் எல்லைக்கல்லை நகர்த்தியவனையும் அழைத்து விசாரித்து வந்தார்கள்.